ஹாட்டர்ஸ்லி தறி: தீவு வீட்டில் ட்வீட் நெய்து விற்பவருக்கு நெடுநாள் அனுபவக் குறிப்பு

ஸ்காட்லாந்தின் வடமேற்கே உள்ள லூயிஸ், ஹாரிஸ் முதலான வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் ‘ஹாரிஸ் ட்வீட்’ என்ற பெயரில் கம்பளித் துணி விற்க 1993ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுக்குக் கட்டுப்பட வேண்டும். புதுக் கம்பளி, தீவிலேயே சாயமேற்றி நூற்ற நூல், தீவுவாசி தன் வீட்டிலேயே கையால் நெய்தது, தீவிலேயே முடிப்பு வேலை. இவற்றில் ஒன்று தவறினாலும் அந்தப் பெயர் கிடையாது. நமக்குப் பழக்கமான புவிசார் குறியீடு ஊரோடு நின்றுவிடும், இது வீட்டு வாசல் வரைக்கும் வருகிறது. ஊருக்கு நடுவே பட்டறை வாடகைக்கு எடுத்து நாலு தறி போடலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. வீட்டையொட்டிய கொட்டகைதான் தொழிற்சாலை. ‘கையால்’ என்பதற்கும் தெளிவான அர்த்தம் உண்டு: மோட்டார் கூடாது, காலால் மிதித்து ஓட்டலாம்.

தனியாக நெய்து விற்பவர்களிடம் அதிகம் இருப்பது ஹாட்டர்ஸ்லி தறி. யார்க்‌ஷயரின் கீத்லியில் செய்தது, முதல் உலகப்போருக்குப் பிறகு தீவுக்கு வந்தது. மிதியை மிதித்தால் விழுது (பாவு எனும் நீள இழைகளைத் தூக்கும் கண்ணிகள்) ஏறி இறங்குவது, நாடா (ஊடை எனும் குறுக்கிழையைக் கொண்டுபோகும் ஓடம்) ஓடுவது, அச்சு (ஊடையை நெருக்கும் சீப்பு) அடிப்பது, துணி சுருள்வது எல்லாம் ஒன்றோடொன்று இணைந்து நடக்கும். முடித்த துணியின் அகலம் சுமார் 75 செ.மீ. 1990களில் வந்த போனாஸ் கிரிஃபித் தறி 150 செ.மீ. அகலத்துக்கு நெய்யும். அதில் நாடா இல்லை, ஊடை நேராக நூல் கூம்பிலிருந்து இழுபடும், தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல் குழல்) சுற்றும் வேலையே இல்லை. மில்லுக்குக் கூலிக்கு நெய்கிறவருக்கு அதுதான் சரி. சொந்தமாகப் பை, உறை, மேல்துண்டு தைத்து விற்கிறவருக்கு ஹாட்டர்ஸ்லி போதும். 75 செ.மீ. துணியில் பை வெட்டினால் வீணாவது குறைவு, ஒரு வண்ணத்தில் 15 மீட்டர் மட்டும் நெய்துகொள்ளவும் முடியும். கோட்டு தைக்கும் கடைக்காரர்தான் 75 செ.மீ. என்றதும் முகம் சுளிப்பார்.

தறி வேகமாகத்தான் ஓடும், நேரம் போவது அதற்கு முன்னால். ஒற்றை அகலப் பாவுக்கு 696 இழை. 24 கூம்புகளைச் சட்டத்தில் ஏற்றி இழுத்தாலும் பாவு ஓட்டும் முளைகளில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 29 நடை போக வேண்டும். இழைகள் மாறிக் கடந்து வரிசையைக் காக்கும் குறுக்கைப் பிசகாமல் கட்டிக்கொள்வது இந்தக் கட்டத்தில்தான். அவிழ்ந்துவிட்டால் இழை வரிசையைப் பிறகு யாராலும் மீட்க முடியாது. அடுத்தது பழைய பாவின் நுனியோடு புதியதைப் பிணைப்பது. நிமிடத்துக்கு ஆறு முடிச்சு என்றாலும் 696 முடிய இரண்டு மணி நேரம். அதனால் ஒரு பாவு முடியும்போது இழையை அறுத்துவிடாமல் அச்சிலும் விழுதிலும் பழைய நுனிகளை விட்டுவைப்பார்கள். அவை போய்விட்டால் ஒவ்வொரு இழையையும் விழுதில் கோத்து, அச்சில் கோத்து, ஒரு நாள் முழுக்கப் போகும்.

நெய்வதன் கணக்கு எளிது. அங்குலத்துக்கு 20 ஊடை என்றால் மீட்டருக்கு ஏறக்குறைய 790. நிமிடத்துக்கு 60 ஊடை தொடர்ந்து ஓடினால் மீட்டருக்குப் பதின்மூன்று நிமிடம். இழை அறுவது, தார் மாற்றுவது, கால் ஓய்வு எல்லாம் சேர்த்து அதை இரட்டிப்பாக வைத்துக்கொண்டால் விலை சரியாக வரும். பதின்மூன்று நிமிடத்தை நம்பி விலை போட்டவர் ஒரு கோடைக்குள் கூலியில் கடனாளி ஆகிவிடுவார்.

பெரிய விபத்து நாடா நடுவில் நிற்பதுதான். நாடாவைத் தட்டும் தோல்வார் ஈரக்காற்றில் தளரும். தட்டு பலவீனமாகி நாடா எதிர்ப்பெட்டி சேராமல் பாவின் திறப்புக்குள் மாட்டும்போது அச்சு வந்து அடித்தால், முப்பது நாற்பது இழை ஒரே நொடியில் போகும். மிதி மெதுவாக இருந்தாலும் இதுவேதான், ஏனென்றால் தட்டின் பலம் மிதியின் வேகத்திலிருந்து வருகிறது. புதியவர்கள் பயந்து மெதுவாக மிதிப்பார்கள், அதனாலேயே நாடா மாட்டும். தட்டின் சத்தம் மந்தமானால் நிறுத்தி வாரை இறுக்கிவிட வேண்டும். காலையில் முதல் பத்து ஊடையை வெறும் காதுக்காக ஓட்டிப் பார்ப்பது நல்ல வழக்கம்.

அடுத்த பிழை கண்ணுக்குத் தெரியாதது. அறுந்த பாவிழையின் வால் பக்கத்து இழைகளில் சிக்கினால் ஊடை அந்த இடத்தில் பின்னாமல் மிதந்துபோகும். மேலிருந்து பார்த்தால் கம்பளியின் மயிரில் மறைந்துவிடும், துணிக்கு அடியில் உள்ளங்கையை ஓட்டினால் தட்டுப்படும். அரை மீட்டருக்கு ஒருமுறை தடவிப் பார்க்கலாம். ஊசியால் இழை சேர்ப்பதைக் கழுவுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். கழுவி அடித்த பிறகு கம்பளி ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும், அந்தத் துணியில் ஒட்டு போட்டால் தழும்பாகத் தெரியும். நின்று மறுபடி தொடங்கும் இடத்தில் குறுக்குக் கோடு விழுவதையும் இங்கேயே கவனிக்கலாம்: இரண்டு ஊடையை உருவி, துணியைச் சற்றுத் தளர்த்திவிட்டுத் தொடங்கினால் கோடு குறையும். கட்டம் போட்ட துணியில் வண்ண வரிசை ஓர் ஊடை பிசகினாலும் தூரத்திலேயே தெரியும். முதல் பாவை ஒரே ஊடை நிறத்தில் மீன்முள் நெசவாக வைத்துக்கொண்டால் பாடம் மலிவாகக் கிடைக்கும்.

நூல் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. கம்பளியை நூற்ற பிறகு சாயமேற்றுவதில்லை, முதலில் சாயமேற்றிப் பல நிறங்களைக் கலந்து நூற்கிறார்கள். ட்வீட்டின் ஆழம் அங்கிருந்து வருகிறது, தொல்லையும் அங்கிருந்துதான். மில் ஒரு கலவையை நிறுத்திவிட்டால் அந்த நிறம் போனதுதான், வீட்டில் சாயமேற்றி ஈடு செய்ய வழியில்லை. ஒரு நிறத்தை இணையத்தில் போடுமுன் குறைந்தது இரண்டு பாவுக்கு நூல் கையில் இருக்கட்டும். எவ்வளவு என்று தெரிய, முதல் 10 மீட்டரைத் தராசில் வைத்துக் கணக்குப் போட்டால் போதும். இரண்டு தொகுதி நூலை ஒரே துணியில் கலக்க நேர்ந்தால் கூம்புகளை மாற்றி மாற்றி ஏற்றலாம், நடுவில் ஓரிடத்தில் மாற்றினால் பட்டை விழும்.

தறியிலிருந்து இறங்கும் துணி எண்ணெய்ப் பிசுக்கும் விறைப்புமாக இருக்கும். கழுவி, அடித்து, உலர்த்தி, மயிர் வெட்டி, அழுத்தும் வேலை தீவு மில்லில்தான். பிறகு ஹாரிஸ் ட்வீட் ஆணையத்தின் சோதனையாளர் பார்த்து, பின்பக்கம் உருண்டைச் சின்னத்தை இஸ்திரிச் சூட்டில் பதிப்பார். தைத்த பொருளுக்கான எண்ணிட்ட சீட்டும் ஆணையத்திடமிருந்தே வர வேண்டும். மில் தன் சொந்தத் துணியோடு வரிசையில் வைத்துத்தான் உங்கள் துணியைக் கழுவும், அதனால் ஆர்டரை அனுப்பும் தேதியை நெய்து முடியும் நாளிலிருந்து அல்ல, சின்னம் பதியும் நாளிலிருந்து எண்ணுங்கள். துணி நீளத்திலும் அகலத்திலும் சுருங்கும், நெசவுக்கு நெசவு அளவு மாறும். புது நெசவு என்றால் ஒரு மீட்டர் கூடுதலாக நெய்து, கழுவுமுன் நூலால் அடையாளம் வைத்து, பிறகு அளந்து குறித்துக்கொள்ளலாம்.

கொட்டகை பற்றிச் சுருக்கமாக: கான்கிரீட் தரை, கசியாத கூரை, லேசான சூடு. உப்புக்காற்றில் இரும்பு ஒரே குளிர்காலத்தில் துருப்பிடிக்கும். அச்சின் பற்களில் துரு ஏறினால் வெளிர் நூலில் கறை விழும், வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். டிசம்பரில் பகல் ஆறரை மணி நேரம்தான், நிறம் பார்க்கிற வேலையை நண்பகலுக்கு வைத்துக்கொள்வதே நல்லது. கிறிஸ்தவ ஓய்வுநாளான ஞாயிறன்று தறிச்சத்தம் கேட்காத ஊர்கள் இவை. மதநம்பிக்கை இல்லாதவரும் அக்கம்பக்கத்துக்காக நிறுத்திவைப்பார்.

அனுப்புவதில் லூயிஸின் ஸ்டோர்னோவேயிலிருந்து பெருநிலத்து உல்லாபூலுக்குப் போகும் படகுதான் நாடி. புயலில் நிற்கும், இரண்டு நாள் சேர்ந்தாற்போலவும் நிற்கும். கிறிஸ்துமஸுக்கான கடைசித் தேதியை நகரத்துக் கடைகளைவிட ஒரு வாரம் முன்னால் போடுங்கள். தனியார் கூரியர்கள் பலரும் இந்தத் தீவுகளின் எச்எஸ் அஞ்சல் குறியீட்டைக் கண்டதும் கூடுதல் கட்டணம் கேட்பார்கள், அல்லது எடுக்கவே மாட்டார்கள். பிரிட்டன் அஞ்சல் சேவையான ராயல் மெயிலுக்கு உள்நாட்டில் ஒரே கட்டணம், சிறு பொட்டலத்துக்கு அதுவே நல்லது. கனமாக வரும் பெட்டி, ஊசி, பொத்தான், துணிப்பை எல்லாவற்றையும் கோடையிலேயே மொத்தமாக வரவழைத்துவிடலாம். வெளிநாட்டு ஆர்டரில் இரண்டு மாற்றங்கள் உண்டு. 2024 டிசம்பர் 13 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விற்க அங்கே ஒரு பொறுப்பாளர் முகவரி வேண்டும். அமெரிக்காவில் 800 டாலருக்குக் கீழ்ப்பட்ட பொருளுக்கு இருந்த வரி விலக்கு 2025 ஆகஸ்ட் 29 அன்று நின்றது. சுங்கத்தை யார் கட்டுவது என்பதை விலையோடு சேர்த்தே எழுதிவிடுங்கள், பொட்டலம் திரும்பி வந்தால் அதுவும் அதே படகில்தான் வரும்.

பழைய ஹாட்டர்ஸ்லி வாங்கப் போகிறவர் பார்க்க வேண்டியவை: சட்டத்தில் விரிசல், பல்சக்கரத்தில் உடைந்த பல், நாடாப் பெட்டி சுழன்று இடத்தில் நேராக நிற்கிறதா என்பது. பெட்டி ஒரு மயிரளவு தாழ்ந்து நின்றாலும் நாடா இடித்துத் தெறிக்கும். தயாரித்த நிறுவனம் இப்போது தறி செய்வதில்லை. பாகம் என்றால் உடைத்த இன்னொரு தறியிலிருந்து வரும், அல்லது தீவுப் பட்டறைக்காரர் கடைந்து தருவார். உதிரிக்காகவே இரண்டாவது தறியை வாங்கிக் கொட்டகை மூலையில் போட்டுவைப்பது இங்கே சகஜம். மேலே ஒரு தார்ப்பாய் மட்டும் போதும்.