சிரித்த முகத்தோடு ஒரு கொலைகாரன்

ஜிம் தாம்சன் எழுதிய 'தி கில்லர் இன்சைட் மீ' நாவலை நேற்று ராத்திரி முடித்தேன். 1952-ல் வந்த சின்னப் புத்தகம்தான், ஒரே மூச்சில் படித்துவிடலாம் என்று நினைத்துத்தான் எடுத்தேன், ஆனால் நடுவில் இரண்டு தடவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

கதையைச் சொல்பவன் லூ ஃபோர்ட். டெக்சாஸில் சென்ட்ரல் சிட்டி என்ற ஊரில் துணை ஷெரிஃப், அதாவது உள்ளூர்ப் போலீஸ் அதிகாரி. துப்பாக்கி வைத்துக்கொள்வதில்லை, யாரிடமும் குரல் உயர்த்துவதில்லை, ஊரே அவனை அப்பாவி, கொஞ்சம் மந்தம் என்று நினைக்கிறது. வீட்டுக்குப் போனால் டாக்டராக இருந்த அப்பாவின் மனநோய்ப் புத்தகங்களைப் படிக்கிறான், பொழுதுபோகக் கணக்குப் போடுகிறான். தனக்குள் இருப்பதற்கு அவன் வைத்திருக்கும் பெயர் 'அந்த நோய்', அவ்வளவுதான்.

முதல் அத்தியாயத்திலேயே வீதியில் ஒருவன் உதவி கேட்டுக் கை நீட்டுகிறான். எரிந்துகொண்டிருக்கும் சுருட்டை அந்த உள்ளங்கையில் வைத்து அழுத்துகிறான் லூ. நாலு வரிகூட இருக்காது. ஆனால் எனக்கு அதைவிடப் பயமாக இருந்தது அவன் பேச்சு. எதிரே மாட்டுபவர்களிடமெல்லாம் தேய்ந்துபோன பொன்மொழிகளாக எடுத்துவிடுகிறான், நம் பாஷையில் சொன்னால் 'பதறாத காரியம் சிதறாது' வகையறா, ஒன்று முடிந்ததும் இன்னொன்று, மரியாதைக்காக எழுந்து போகவும் முடியாமல் அவர்கள் நெளிவதைப் பார்த்து உள்ளுக்குள் ரசிக்கிறான். கையால் அடிக்க முடியாத இடத்தில் இப்படி அடிக்கிறான் என்று அவனே நம்மிடம் சொல்லிவிடுகிறான். அதைப் படித்தபோது நானும் அவனோடு சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் அப்புறம் என்னைத் தூங்கவிடவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மற்றவர்களை முட்டாளாகப் பார்க்க எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது!

இன்னொரு இடத்தைச் சொல்லியே ஆகவேண்டும், முன்கூட்டித் தெரிந்தாலும் அதன் வேகம் குறையாது. ஏமி ஸ்டாண்டன் அவனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவள். 1952 ஏப்ரல் 5, சனிக்கிழமை, இரவு ஒன்பதுக்குச் சில நிமிடம் முன்பு அவளைக் கொன்றேன் என்று ரசீது எழுதுகிற மாதிரி தேதியும் நேரமும் போட்டுச் சொல்கிறான். சொல்லிவிட்டு விஷயத்துக்கு வரவே மாட்டேன் என்கிறான். அன்றைக்குப் பொழுது எப்படி இருந்தது என்று ஆரம்பிக்கிறான், முக்கியமான கட்டம் வந்ததும் நிறுத்தற்குறிகளை விட்டுவிட்டு எழுத்தாளர்கள் தாறுமாறாக எழுதுகிறார்கள், நான் அப்படிச் செய்யமாட்டேன், எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்வேன் என்கிறான். பக்கம் புரளப் புரள, 'சீக்கிரம் அந்த இடத்துக்கு வாயேன்' என்று நான் அவசரப்பட்டிருக்கிறேன். ஒரு பெண் சாகிற இடத்துக்கு. அதை உணர்ந்தபோதுதான் இரண்டாவது தடவை மூடினேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. சிறுவயதில் நடந்த ஒன்றைக் காட்டி, இதனால்தான் இவன் இப்படி ஆனான் என்று விளக்குகிற பகுதி, பூட்டுக்கு அளவெடுத்துச் செய்த சாவி மாதிரி இருக்கிறது, நான் நம்பவில்லை. பெண்கள் விஷயம் இதைவிடச் சிக்கல். அடி வாங்குவது ஏமிக்கும், அவன் ரகசியமாகப் பழகும் ஜாய்ஸ் என்ற பெண்ணுக்கும் பிடித்திருக்கிறது என்று லூ சொல்கிறான், அது அவன் வாக்குமூலம், அவனை நம்பக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே படித்தேன். ஆனால் அந்தப் பெண்களின் பக்கத்தைப் பார்க்கப் புத்தகத்தில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. அது ஆசிரியரின் தந்திரமா, அவருக்கே இருந்த குருட்டுப்புள்ளியா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. ஜாய்ஸை அடிக்கும் காட்சி ஆரம்பத்திலேயே வந்துவிடும், வீட்டு வன்முறையை நேரில் அனுபவித்தவர்கள் தயவுசெய்து தெரிந்துகொண்டு கையில் எடுங்கள்.

2010-ல் மைக்கேல் விண்டர்பாட்டம் இதைப் படமாக எடுத்தார், கேசி அஃப்லெக் லூவாக நடித்தார். படத்தை முதலில் பார்க்காதீர்கள். திரையில் அவன் எதிரே நிற்பான், புத்தகத்தில் உங்கள் தலைக்குள் உட்கார்ந்திருப்பான்.

ஜானி என்று ஒரு பையன் வருகிறான். ஊரில் அவனை மனிதனாக நடத்துவது லூ மட்டும்தான், பையனும் அவனை அப்படி நம்புகிறான். பையனை அடைத்திருக்கும் சிறை அறையில் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணன் மாதிரி பேசுகிறான் லூ, அந்தப் பேச்சில் பொய்யே இல்லை, நிஜமாகவே பிரியம் இருக்கிறது. இவனையாவது விட்டுவிடுவான் என்று கடைசி வரி வரைக்கும் நம்பினேன்.