பத்து நாள் விபாசனா: ஒரு மயக்க டாக்டரின் மதிப்பீடு

பத்தொன்பது வருஷமாக அடுத்தவர் மூச்சைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. தியேட்டரில் பேஷன்ட்டின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் மயக்க டாக்டர் நான். நல்லபடியாக எழுந்துவிட்டால் சொந்தக்காரர்கள் சர்ஜனைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். என் பெயர் யாருக்கும் தெரியாது. அதில் எனக்கு ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். போன வருஷம் புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் இது எப்போது பொங்கும், எப்போது கிளம்பலாம் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது என் வீடு. கிளம்பி எங்கே போவது?

அந்த வாரமே விபாசனா என்ற பத்து நாள் மௌனத் தியான முகாமுக்கு விண்ணப்பித்தேன். எந்த ஊர் மையம் என்று சொல்லப்போவதில்லை. சமைப்பது முதல் மணி அடிப்பது வரை எல்லாம் தன்னார்வலர்கள். கொஞ்சம் குறையும் சொல்லப்போகிறேன், அது அவர்கள் தலையில் விழ வேண்டாம்.

பணம் வாங்குவதில்லை. தங்க, சாப்பிட, கற்றுக்கொள்ள எதற்கும் கட்டணம் கிடையாது. முடித்த பிறகு விரும்பினால் நன்கொடை தரலாம். முகாமை முடிக்காதவரிடம் அதையும் வாங்கமாட்டார்கள். போனை முதல் நாளே வாங்கி வைத்துவிடுகிறார்கள். பேச்சு, சைகை, புத்தகம், பேனா எதுவும் கூடாது. காலை 4 மணிக்கு மணி, 4.30க்கு உட்கார வேண்டும், இரவு 9.30க்கு விளக்கணைப்பு. நடுவில் ஏறக்குறைய பத்து மணி நேரம் தியானம். மதியம் 11 மணிச் சாப்பாட்டுக்குப் பிறகு புதியவர்களுக்கு மாலையில் டீயும் பழமும் மட்டும். நைட் டூட்டி பார்த்த உடம்புக்கு இந்த நேரக் கணக்கு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பசியும் இரண்டு நாளில் பழகிவிட்டது.

முதல் மூன்று நாள் ஆனாபானா. மூக்கு நுனியில் மூச்சு போவதையும் வருவதையும் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். இதில் நமக்கு என்ன கஷ்டம் என்று கொஞ்சம் கர்வத்தோடுதான் உட்கார்ந்தேன். இரண்டாம் நாள் மதியம்தான் பிடிபட்டது: கவனிக்க ஆரம்பித்தாலே நான் மூச்சை நிறுத்திவிடுகிறேன். பி.ஜி. படிக்கும்போது சீனியர் சொல்லிக் கொடுத்த பழக்கம். பேஷன்ட்டுக்கு மூச்சுக்குழாயில் டியூப் போடும்போது நீயும் மூச்சைப் பிடித்துக்கொள். உனக்கு முட்டும்போது அவருக்கும் முட்டும், உடனே வெளியே வந்து ஆக்சிஜன் கொடு என்பார். அந்த அடக்கல் பாலுக்கு முன்னால் நின்றபோதும் இருந்திருக்கிறது. சாப்பிடும்போதும் இருந்திருக்கிறது. மூன்றாம் நாள் மாலைக்குள் மூச்சு தானாக ஓட ஆரம்பித்தது. அழுதேன். பக்கத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை, விதியே அதுதான்.

நான்காம் நாள் விபாசனா. தலையிலிருந்து கால்வரை உடம்பின் உணர்ச்சிகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். வலித்தாலும் சுகமாக இருந்தாலும் விருப்பு வெறுப்பு இல்லாமல். அன்றிலிருந்து தினம் மூன்று முறை, ஒரு மணி நேரம் கால் கை அசைக்காத அமர்வு. கால் மரத்துப்போவது நரம்பு அழுந்துவதால் என்று பாடம் எடுப்பவள் நான். பாடம் ஒரு நிமிஷம்கூட உதவவில்லை. முழங்கால் கோளாறு உள்ளவர்கள் முதல் நாளே நாற்காலி கேளுங்கள். வீம்பு வேண்டாம்.

கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் ஒலிப்பதிவில் வரும் ஆசிரியர் எஸ்.என். கோயங்காவின் குரல்தான். 2013இல் காலமானவர். பர்மாவில் வியாபாரியாக இருந்தவருக்குத் தீராத ஒற்றைத் தலைவலி. மார்பின் ஊசிவரை போயிருந்தார். ஊ பா கின் என்ற அரசுக் கணக்குத் துறைத் தலைவரிடம் தியானம் கற்கப் போனபோது, தலைவலிக்காக வருவதென்றால் வராதே என்றாராம் அவர். டாக்டராக எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்தது. 1969இல் இந்தியா வந்து முகாம் நடத்த ஆரம்பித்திருக்கிறார். குரல் இழுவை; பாலி மொழிப் பாட்டு முதல் இரண்டு நாள் எரிச்சல், ஏழாம் நாள் அது வராதா என்று காத்திருந்தேன். மாலை உரையில் நகைச்சுவை நிறைய. அணு, துகள் என்று அறிவியலைத் துணைக்கு இழுக்கும் இடங்களில் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

குறை என்றால் அறைதான். கொசுவலை கிழிசல், குளியலறையில் வெந்நீர் என்பது பேச்சுக்கு. அதைவிட முக்கியமான ஒன்று: மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் அதைப் படிவத்தில் மறைக்காதீர்கள், முகாமுக்காக மாத்திரையை நிறுத்தவும் செய்யாதீர்கள். பத்து நாள் பேச்சில்லாமல் உள்ளே பார்ப்பது எல்லாருக்கும் தாங்காது. லீவும் பத்து நாளுக்குப் போடாதீர்கள். முந்தின நாள் மாலையே போய்ச் சேர வேண்டும், பதினோராம் நாள் காலையில்தான் விடுவார்கள்.

சந்தோஷம் கிடைத்ததா என்று தியேட்டர் சிஸ்டர் கேட்டார். காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். எனக்கு அரை மணி நேரம் வாய்த்தால் அதிகம். ஆனால் டியூப் போட்டு முடித்ததும் மூச்சை விட இப்போது ஞாபகம் வருகிறது.

பத்தாம் நாள் காலை மௌனம் முடிந்ததும் அறைத்தோழி, சின்னப் பெண், ஓடி வந்து கேட்டாள்: “அக்கா, நீங்க நர்ஸா? ராத்திரியெல்லாம் ‘கண்ணைத் திறங்க, மூச்சை இழுத்து விடுங்க’ன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க.” வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்டேன். “பரவால்லக்கா, ரெண்டு நாள் நானே திறந்துட்டேன்” என்றாள்.