ஐஸ்லாந்தில் பனிக்காலத்தில் கார் எடுக்கப் போகிறீர்களா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

கடந்த ஜனவரியில் நானும் என் கல்லூரித் தோழியும் ஐஸ்லாந்தின் தென்கரையில் ஆறு நாள் நாங்களே கார் ஓட்டிச் சுற்றினோம். அந்த நாட்டைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே எங்களுக்குக் கார் கொடுத்தவர்கள்தான் எங்களை ஏமாற்றினார்கள். போன வாரம் தெரிந்தவர் ஒருவர் இதே பயணத்துக்கு இதே மாதிரி ஒரு காரைப் பதிவு செய்திருப்பதாகச் சொன்னதும், இனியும் எழுதாமல் இருப்பது சரியில்லை என்று தோன்றியது.

விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் தளத்தில் இருப்பதிலேயே குறைந்த வாடகை காட்டியதால் அந்த நிறுவனத்தை எடுத்தோம். அலுவலகம் கெஃப்லாவிக் விமான நிலையத்துக்குள் இல்லை. வேன் அனுப்பி வெளியே ஒரு கிடங்குக்கு அழைத்துப் போனார்கள். அப்போது காலை ஒன்பது மணி. ஜனவரி நடுவில் அங்கே சூரியன் உதிக்கப் பதினொன்று ஆகிவிடும், அதனால் நல்ல இருட்டு. கார் மேல் ஒரு கை உயரத்துக்குப் பனி. கண்ணாடியில் இருந்ததை மட்டும் வழித்துவிட்டு, டேப்லெட்டை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார் அங்கிருந்த பையன். திரையில் கையெழுத்துக் கட்டம் மட்டும்தான் தெரிந்தது. "ஃபுல் இன்சூரன்ஸ்தானே?" என்று தோழி இரண்டு முறை கேட்டாள். "ஆமாம், எல்லாம் அடக்கம்" என்று இரண்டு முறையும் சொன்னார். அதற்காகத்தான் நாள் கணக்கில் கூடுதல் பணமும் கட்டினோம்.

நாங்கள் கையெழுத்துப் போட்டது "வண்டியில் எந்தச் சேதமும் இல்லை" என்ற வரிக்குக் கீழே. அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்று இரவு தலைநகர் ரேக்யவிக்கில் தங்கிவிட்டு மறுநாள் கிழக்கே கிளம்பினோம். நகரத்தைத் தாண்டியதும் ஹெல்லிஸ்ஹெய்தி மேட்டுநிலம் வரும், காற்றும் பனியும் சேர்ந்தால் அடிக்கடி மூடிவிடும் சாலை அது. அன்று திறந்திருந்தது. மேட்டிலிருந்து இறங்கும் சரிவில் வண்டியின் பின்பக்கம் தானாகத் திரும்ப ஆரம்பித்தது. நான் மெதுவாகத்தான் ஓட்டினேன். சாலையோரம் ஒதுக்கி வைத்திருந்த பனிக் குவியலில் மோதி நின்றோம். இருவருக்கும் அடியில்லை, வண்டிக்கும் ஒன்றுமில்லை. ஆனால் எதிரே லாரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மெல்ல ஊர்ந்து செல்ஃபோஸ் போய் ஒரு டயர் கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். ஐஸ்லாந்து விதிப்படி நவம்பர் 1 முதல் ஏப்ரல் 14 வரை டயரின் வரிப்பள்ளம் குறைந்தது 3 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். எங்கள் பின் டயர்களில் இருந்தது 2. பனியில் வழுக்காமல் இருக்க ஆணி பதித்த டயர் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். பாதி ஆணிகள் விழுந்துவிட்டன, மீதி ரப்பரோடு சமமாகத் தேய்ந்திருந்தன.

நிறுவனத்துக்குப் போன் செய்தோம். திரும்பக் கொண்டுவந்தால் மாற்றித் தருகிறோம் என்றார்கள். அதாவது அதே டயர்களோடு, அதே மேட்டைத் தாண்டி, கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் ஓட்டி வர வேண்டுமாம். அன்று பிற்பகலுக்குக் காற்று எச்சரிக்கை வேறு இருந்தது. மனிதர்கள் பேசும் பேச்சா இது? முடியாது என்று சொல்லிவிட்டு, 52,000 குரோனா (ஐஸ்லாந்து நாணயம்) எங்கள் கையிலிருந்து கொடுத்து இரண்டு டயர் மாற்றினோம். அந்தக் கடைக்காரரிடம் பழைய டயரின் அளவை ரசீதிலேயே எழுதித் தரும்படி கேட்டது தோழியின் யோசனை. நாங்கள் செய்த உருப்படியான காரியங்களில் அது ஒன்று.

இன்னொன்றும் அங்கேதான் நடந்தது. கடையின் சூட்டில் வண்டி மேல் இருந்த பனி முழுக்க உருகியது. பானெட் முழுவதும் வெள்ளை வெள்ளையாகப் பெயின்ட் உதிர்ந்த புள்ளிகள். முன்கண்ணாடியில் வைப்பருக்குக் கீழே நட்சத்திரம் போல ஒரு விரிசல். உடனே படம் எடுத்து, வீடியோவும் எடுத்து, அந்த இடத்திலிருந்தே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். பதில் வரவில்லை.

அன்றிரவுதான் ஒப்பந்தத்தை முழுதாகப் படித்தோம். "எல்லாம் அடக்கம்" என்ற காப்பீட்டில் அடங்காதவை: டயர், வண்டியின் அடிப்பாகம், மணலாலும் எரிமலைச் சாம்பலாலும் வரும் சேதம், தெறிக்கும் சரளைக் கல்லால் வரும் சேதம், காற்று கதவைப் பிடுங்குவதால் வரும் சேதம். ஐஸ்லாந்தில் வண்டிக்கு வரக்கூடிய ஆபத்தே இவைதான். மணலுக்கும் சரளைக்கும் அங்கே தனித்தனிக் காப்பு விற்கிறார்கள். கதவுச் சேதத்தைப் பெரும்பாலான காப்பீடுகள் ஏற்பதே இல்லை. ரேனிஸ்ஃபியாரா கடற்கரையில் வண்டியை நிறுத்தியபோது, "ரெண்டு கையாலயும் பிடிச்சுத் திறடி" என்று நான் கத்திய பிறகும் கதவு அவள் கையை இழுத்தது. அங்கே காற்று அப்படி.

வீக் ஊரோடு திரும்பிவிட்டோம். அதற்குக் கிழக்கே மிர்டால்ஸாண்டூர் என்ற கருமணல் வெளி இருக்கிறது. காற்று ஏறினால் அந்த மணல் வண்டியின் பெயின்ட்டையே உரித்துவிடும். அன்று காற்று நொடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். யோகுல்சார்லோன் பனிப்பாறை ஏரியைப் பார்க்காமலே வந்தோம். எத்தனையோ வருடமாக அதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் என் தோழி.

விமானம் விடியற்காலையில். அலுவலகத்தில் ஆள் இல்லை, சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தோம். அதிலிருந்து ஒன்பதாம் நாள் என் கிரெடிட் கார்டிலிருந்து 2,38,000 குரோனா எடுத்தார்கள். முன்கண்ணாடி மாற்ற ஒரு தொகை, பானெட்டின் "மணல் சேதத்துக்கு" ஒரு தொகை, அதற்கு மேல் அலுவலகக் கட்டணம். மிர்டால்ஸாண்டூர் பக்கமே போகாத எங்களுக்கு மணல் சேதம்! இரண்டாம் நாளே அனுப்பிய படங்களைக் காட்டினால், "எடுக்கும்போது சேதம் இல்லை என்று நீங்களே கையெழுத்திட்டிருக்கிறீர்கள்" என்கிறார்கள்.

போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். இருட்டாக இருந்தால் வெளிச்சமான இடத்துக்கு வண்டியை நகர்த்தச் சொல்லுங்கள். பனியை முழுக்கத் தட்டிவிட்டுப் பாருங்கள். வேன் காத்திருக்கிறது, அடுத்த ஆள் நிற்கிறார் என்று அவசரப்படுத்தினால் அசையாதீர்கள். நான்கு டயர்களையும் குனிந்து பாருங்கள், ஆணிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று விரலால் தடவுங்கள். டேப்லெட்டில் பக்கத்தை மேலே நகர்த்தி முழு ஒப்பந்தத்தையும் படியுங்கள். எது அடக்கம் இல்லை என்று கேளுங்கள், அதை எழுத்தில் வாங்குங்கள். ஆள் இல்லாத நேரத்தில் திருப்பிக் கொடுக்கும்படி விமானம் எடுக்காதீர்கள். வேறு வழியில்லை என்றால் நிறுத்திய இடம் தெரிய வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்துவிட்டு வாருங்கள். அங்கே கார் வாடகைக்கு விட ஐஸ்லாந்து போக்குவரத்து ஆணையத்தின் உரிமம் தேவை. பதிவு செய்யும் முன் அது இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

எங்கள் விஷயத்தில், மின்னஞ்சல், டயர் கடை ரசீது, வீக் விடுதியின் பில் எல்லாவற்றையும் வைத்து வங்கியில் ஆட்சேபம் கொடுத்தோம். பதினொரு வாரம் கழித்து முன்கண்ணாடிக்கான தொகை மட்டும் திரும்பி வந்தது. மணல் சேதம் என்று எடுத்தது இன்னும் விசாரணையில் இருக்கிறது. டயருக்குக் கொடுத்த 52,000 பற்றி நிறுவனம் இதுவரை வாயே திறக்கவில்லை.