டிரைவர் இடுப்பு, கண்டக்டர் இடுப்பு: அளவு நாடாவும் கொலஸ்ட்ராலும்

உட்கார்ந்தே வேலை செய்பவரையும் ஓடியாடி வேலை செய்பவரையும் நியாயமாக ஒப்பிடுவது லேசான காரியமில்லை. குமாஸ்தாவையும் மூட்டை தூக்குபவரையும் எடுத்துக்கொண்டால் சம்பளம், சாப்பாடு, வீடு எல்லாமே வேறு. உடம்பில் தெரியும் வித்தியாசம் எதனால் வந்தது என்று எப்படிச் சொல்வது?

ஜெர்ரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இதற்கு லண்டனின் மாடி பஸ்களில் வழி கண்டார். டிரைவரும் கண்டக்டரும் ஒரே நிர்வாகத்தின் ஆட்கள், ஏறக்குறைய ஒரே மாதிரிக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். டிரைவர் ஷிஃப்டின் பெரும்பகுதி சீட்டிலேயே இருப்பார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாக நாளுக்கு 500 முதல் 750 படி ஏறுவார். 1953-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவுகள் வந்தன. 35 முதல் 64 வயதுவரை உள்ளவர்களில் ஆண்டுக்கு ஆயிரம் டிரைவர்களில் 2.7 பேருக்கும், ஆயிரம் கண்டக்டர்களில் 1.9 பேருக்கும் மாரடைப்பு வகை இதய நோய் வந்தது. கண்டக்டர்களுக்கு வந்தபோதும் அது திடீர் மரணமாக முடிவது குறைவு.

கண்டக்டர் ஒல்லியாக இருந்ததால் தப்பித்தாரா? இந்தக் கேள்விக்கு மாரிஸ் குழு தேடிய ஆதாரம் எனக்கு மிகவும் பிடித்தது: சீருடை அளவுகள். நிர்வாகம் தைத்துக் கொடுத்த பேன்ட்டின் இடுப்பளவு பதிவேட்டிலேயே இருந்தது. 1956-இல் வந்த அந்தக் கட்டுரைப்படி டிரைவர்களின் இடுப்பு பெரிதுதான். ஆனால் வேலைக்குச் சேரும் இளைஞர்களிடமே அந்த வித்தியாசம் இருந்தது. அதாவது, பருமனான உடல்வாகு உள்ளவர்கள் டிரைவர் வேலைக்குப் போயிருக்கலாம். பழியை முழுக்க சீட்டின் மேல் போட முடியாது. இன்னொன்றும் தெரிந்தது. ஒல்லி, நடுத்தரம், பருமன் என்று பிரித்துப் பார்த்தாலும், ஒவ்வொரு பிரிவிலும் கண்டக்டருக்கே திடீர் மரணம் குறைவு. ஆகவே படியேறிய கால்கள் இடுப்பளவில் தெரியாத நன்மை ஒன்றையும் தந்திருக்க வேண்டும்.

அடுத்து கொலஸ்ட்ரால். 1966-இல் வந்த பஸ் தொழிலாளர் ஆய்வில், யாருக்கு இதய நோய் வரும் என்று முன்கூட்டியே சொல்ல ரத்தக் கொலஸ்ட்ராலும் ரத்த அழுத்தமும் நன்றாக உதவின. இங்கே ஒரு விஷயத்தை அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் இது பலருக்குக் குழப்பம். உடல் உழைப்பு எல்லாக் கொழுப்பையும் ஒரே மாதிரி குறைக்காது. ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடை நன்றாக இறக்கும், நல்ல கொழுப்பான எச்டிஎல்லைக் கொஞ்சம் ஏற்றும். கெட்ட கொழுப்பான எல்டிஎல்லில் அதன் கை அவ்வளவாக ஓங்காது. அதை ஆட்டுவிப்பவை பரம்பரையும் சாப்பாட்டில் உள்ள நிறைகொழுப்பும்தான் (வெண்ணெய், நெய் போன்றவற்றில் இருப்பது). அதனால் "நான் நாள் முழுக்க நிற்கிறேன், எனக்கென்ன" என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது ஆபத்து. மொத்தக் கொலஸ்ட்ரால் என்ற ஒற்றை எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியடைவதும் அப்படித்தான்.

இடுப்பளவு, ரத்தப் பரிசோதனை இரண்டில் எது முக்கியம் என்றால், நாற்காலி வேலைக்காரருக்கு முதலில் நாடாவைத்தான் கையில் கொடுப்பேன். செலவில்லை, மாதாமாதம் பார்க்கலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபின், வயிற்றை எக்காமல் சுற்றி அளக்க வேண்டும். பேன்ட் சைஸ் இதற்கு ஈடாகாது. தொப்பை உள்ளவர்கள் பேன்ட்டை அதற்குக் கீழேதான் கட்டுகிறார்கள். தெற்காசியர்களுக்கு ஆண்கள் 90 செ.மீ., பெண்கள் 80 செ.மீ. என்பது எச்சரிக்கைக் கோடு. எடை சாதாரணமாக இருந்தும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்வது நம்மிடையே அதிகம் என்பதால்தான் ஐரோப்பிய ஆண்களுக்கான 94-ஐவிட இது குறைவு.

உழைப்பாளிக்கு நேர்மாறாக, ரத்தப் பரிசோதனைதான் முதலில். இடுப்பு 80 செ.மீ., வேலை முழுக்க நடை, ஆனாலும் எல்டிஎல் 190 மி.கி./டெ.லி.-க்கு மேல் என்றால் பரம்பரைக் காரணத்தைச் சந்தேகிக்க வேண்டும். உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் சேர்த்தே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.