எஃப்டி கார்டு: மூன்று வருடம் தேய்த்த பிறகு

எஃப்டி, அதாவது வங்கியில் போட்ட ஃபிக்ஸட் டெபாசிட், அதன் பேரில் கிடைக்கும் கிரெடிட் கார்டைப் பற்றிய கதை இது. கடனில் மூழ்கியவனை ‘மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்’ என்பார்கள். நான் கோர்ட் படி ஏறவில்லை. ஆனாலும் 2021-ல் என் நிலைமை அதற்குக் குறைவில்லை. குன்னூரில் இரண்டு டூரிஸ்ட் வண்டி, இரண்டும் கடனில். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அந்த வருடமும் அடுத்த வருடமும் சீசனே இல்லை. ஆறு மாதம் தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி வழிவிட்டது, வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு வண்டியை ஃபைனான்ஸ்காரர்கள் எடுத்துப்போனார்கள். பர்சனல் லோன் பாக்கி 1,40,000-ஐ 80,000-க்கு செட்டில்மென்ட் பேசி முடித்தேன். தலை தப்பியது என்று அன்றைக்கு வீட்டுக்கு பிரியாணி வேறு வாங்கிப்போனேன்.

அந்த பிரியாணியின் விலை 2022-ல்தான் தெரிந்தது. சிபில் ஸ்கோர் 541. (கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறோம் என்பதற்குப் போடும் மார்க். 300-இல் தொடங்கி 900 வரை போகும்.) பதற்றத்தில் ஐந்து கடன் ஆப்களில் விண்ணப்பித்தேன். ஐந்தும் கைவிரித்தன, ஐந்தும் என் கடன் வரலாற்று ரிப்போர்ட்டில் விசாரணையாகப் பதிந்தன. நாமே நம் ரிப்போர்ட்டைப் பார்த்தால் ஸ்கோர் குறையாது. கடன் கேட்டு அவர்கள் பார்த்தால்தான் குறையும்.

வீட்டுக்காரி சீட்டு எடுத்த 30,000-ஐ ஒரு வங்கியில் எஃப்டி போட்டு, அதன் பேரில் 27,000 லிமிட்டில் கார்டு வாங்கினேன். வருமானச் சான்று கேட்கவில்லை. எஃப்டிக்கு வட்டி வருகிறது, ஆனால் கார்டு இருக்கும்வரை அந்தப் பணத்தைத் தொட முடியாது.

மளிகை, மருந்து, எப்போதாவது டயர். டீசலுக்குத் தேய்க்கவில்லை, சர்சார்ஜ் தனி. முதல் ஐந்தாறு மாதம் ஸ்கோர் ஆமை மாதிரிதான் நகர்ந்தது. மாதாமாதம் 20,000 வரை தேய்த்துவிட்டு, கெடு தேதிக்குள் ஒழுங்காகக் கட்டுகிறோமே என்று நினைத்திருந்தேன். ஸ்டேட்மென்ட், அதாவது மாத பில், போடும் நாளில் என்ன பாக்கி நிற்கிறதோ அதுதான் பெரும்பாலும் ரிப்போர்ட்டுக்குப் போகிறது, லிமிட்டில் பெரும்பகுதி பாக்கியாகத் தெரிந்தால் ஸ்கோருக்கு நல்லதில்லை என்று பிறகுதான் உறைத்தது. ஸ்டேட்மென்ட்டுக்கு இரண்டு நாள் முன்பே பெரும்பகுதியைக் கட்டி, பாக்கியை 8,000-க்குள் வைக்க ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு ஸ்கோர் ஏறியது கண்ணுக்கே தெரிந்தது.

ஒரு தடவை ஏமாந்தேன். ஆட்டோ டெபிட் போட்டபோது ‘மொத்த பாக்கி’க்குப் பதில் ‘மினிமம் டியூ’வில் (அந்த மாதம் குறைந்தபட்சம் கட்ட வேண்டிய சிறு தொகை) கைபட்டிருக்கிறது. மிச்சத்துக்கு மாதம் மூன்றரை சதவீத வட்டி விழுந்தது. கந்துவட்டிக்காரர் இதைவிட இளகிய மனசுக்காரராகத் தோன்றினார். இன்னொரு தடவை ஐப்பசி மழையில் மரம் விழுந்து, கரண்ட் இல்லை, டவர் இல்லை, ஓடிபி வரவில்லை. கெடு தாண்டி இரண்டாம் நாள்தான் கட்டினேன். அபராதமோ கரும்புள்ளியோ வரவில்லை. மூன்று நாளுக்கு மேல் தாமதமானால்தான் அப்படிச் செய்யலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி.

2024 கடைசியில் ஸ்கோர் 738. மார்தட்டிக்கொண்டு வண்டி லோன் கேட்கப் போனேன். மேனேஜர் அம்மா ரிப்போர்ட்டைத் திருப்பிக் காட்டினார்: “ஸ்கோர் நல்லாத்தான் இருக்குண்ணா. இந்த ‘செட்டில்டு’ங்கிற ஒரு வார்த்தைதான் இடிக்குது.”

கடனை முழுசாகக் கட்டாமல் பேசி முடித்தவன் என்று அதற்கு அர்த்தம். கார்டு எத்தனை வருடம் தேய்த்தாலும் அந்த வார்த்தையை அழிக்காது. இந்தக் கார்டைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லாதது அதுதான். பர்சனல் லோன் கொடுத்த பழைய கம்பெனிக்குப் போய், அன்றைக்குத் தள்ளுபடி ஆன 60,000-ஐக் கட்டுகிறேன் என்றேன். விசித்திரமாகப் பார்த்தார்கள். மூன்று தவணையில் கட்டி, பாக்கியில்லைச் சான்று கையில் வாங்கினேன். அப்படியும் இரண்டு மாதம் ரிப்போர்ட் மாறவில்லை. ஆன்லைனில் புகார் போட்டேன். 30 நாளைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. 24-ஆம் நாள் ‘க்ளோஸ்டு’ என்று மாறியது, நூறு ரூபாய்க்கு வழியில்லாமல் போனது.

செகண்ட்ஹேண்ட் வண்டி ஒன்றுக்கு லோன் கிடைத்துவிட்டது. ஸ்டாண்டில் மற்றவர்களைவிட ஒன்றரை சதவீதம் வட்டி கூடத்தான். கார்டை மூடவில்லை, இப்போதைக்கு என்னிடம் ஒழுங்காக ஓடும் பழைய கணக்கு அது ஒன்றுதான். வீட்டுக்காரி மட்டும் அந்த 30,000 எப்போது வரும் என்று வாரம் ஒரு முறை கேட்கிறாள்.