சாதா சைக்கிளுக்கு மோட்டார்: முன்சக்கரமா, பின்சக்கரமா, பெடல் அச்சா?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராம வீடுகளில், பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளோ, அப்பா காலத்துக் கம்பி பிரேக் சைக்கிளோ ஏதாவது ஒன்று திண்ணையோரம் சாத்திக் கிடக்கும். அதற்கு மின்மோட்டார் கிட் பொருத்த நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்பதைத்தான். என் கணிப்பில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாகவும், மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டும்போது மோட்டாரின் உதவி நின்றுவிடும் வகையிலும் அமைந்த பெடல் சைக்கிள் மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. பதிவும் உரிமமும் தேவையில்லை. அந்த வரம்புக்குள் நிற்க நினைக்கும் எவருக்கும் வாட் கணக்கு ஏறத்தாழ ஒன்றே. மோட்டார், சைக்கிளின் எந்த இடத்தில் உட்காருகிறது என்பதில்தான் வேறுபாடெல்லாம் இருக்கிறது.

முன்சக்கரத்தின் நடுக்குடத்திலேயே அமைந்த ஹப் மோட்டார்தான் எளியது. உள்ளே பல்சக்கரம் கொண்ட சிறிய வகை 2 முதல் 3 கிலோ எடையே இருக்கும். செயினையும் பிரீவீலையும் தொட வேண்டாம். பழைய சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினால் போதும் என்று விற்பவர் சொல்வார். அவர் சொல்லாமல் விடுவது சக்கரத்தின் அளவை. கிட்டில் 28 அங்குலம் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 622 மில்லிமீட்டர் ரிம். நம் பழைய 28 அங்குலக் கம்பி பிரேக் சைக்கிளின் ரிம்மோ 635 மில்லிமீட்டர். பெயர் ஒன்றாக இருந்தாலும் பழைய டயர் புது ரிம்மில் உட்காராது. பழைய ரிம்மிலேயே மோட்டாரைக் கோத்துவிடலாம் என்றால், அந்தச் சைக்கிள்களின் முன் ரிம்மில் வழக்கமாக 32 துளைகளும் பின் ரிம்மில் 40 துளைகளும் இருக்கும். ஹப் மோட்டார்களிலோ பெரும்பாலும் 36. சரி, ரிம்மையே மாற்றிவிடுவோம் என்றால், கம்பி பிரேக்கின் கட்டை ரிம்மின் உட்புறத்தைப் பிடிப்பதற்காக அமைந்தது. வேறு வடிவ ரிம்மில் அது பிடிக்காது. ஆகவே கம்பி பிரேக் சைக்கிளுக்கு முன்சக்கர கிட்டின் உண்மையான விலை என்பது கிட்டும், கேபிள் பிரேக்கும், கடைக்காரர் கோட்டம் எடுக்கும் கூலியும் சேர்ந்தது. கேபிள் பிரேக் கொண்ட 26 அங்குலச் சைக்கிளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கும் ஃபோர்க் இரும்பாக இருக்க வேண்டும் என்பது இதற்கடுத்த நிபந்தனை. மோட்டார் சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும்போது அதன் அச்சு பின்னோக்கித் திரும்பப் பார்க்கும். நட்டு தளர்ந்தால் அச்சு ஃபோர்க்கின் பள்ளத்திலேயே சுழன்று ஒயரை முறுக்கி அறுத்துவிடும், சக்கரமே கழன்று வரவும் கூடும். அச்சைப் பிடித்து ஃபோர்க்கோடு இறுக்கும் இரும்புப் பட்டையை, கிட்டோடு வராவிட்டாலும் தனியாக வாங்கிப் பொருத்தியே ஆக வேண்டும். அலுமினிய ஃபோர்க்கிலும், ஸ்பிரிங் வைத்த ஃபோர்க்கிலும் முன்சக்கர மோட்டாரை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்த ஒரு விஷயத்தில் கனமான பழைய சைக்கிளே புது மாடலைவிட மேல்.

பின்சக்கர ஹப் மோட்டாரின் பலம் பிடிப்பு. கேரியரின் இருபுறமும் பால் கேன் தொங்கவிட்டுச் சொசைட்டிக்குப் போகிறவருக்கு எடை முழுவதும் பின்னால் இருக்கிறது. மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் இன்னும் இலேசாகி, செம்மண் சரளையில் வெறுமனே சுழலும். அவருக்குப் பின்சக்கர மோட்டாரே பொருந்தும். ஆனால் அந்த மோட்டார்கள் பெரும்பாலும் 135 மில்லிமீட்டர் அகலத்துக்குச் செய்யப்பட்டவை. கியர் இல்லாத சைக்கிளின் பின் இடைவெளி அதைவிடக் குறுகல். ஃபிரேமை விரித்துப் பொருத்திவிட்டு, பிறகு செயின் நேர்க்கோட்டைச் சரிசெய்யும் அளவுக்குப் பொறுமையுள்ள மெக்கானிக் கிடைக்க வேண்டும்.

பெடல் அச்சில் உட்காரும் மோட்டார் செயின் வழியாக இழுப்பதால், கியர் சைக்கிளில் மலையேற அதற்கு நிகரில்லை. சவாரி செய்பவரும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்று கொண்டால், 100 மீட்டர் உயரம் ஏறுவதற்கு மட்டும் சுமார் 25 வாட்-மணி ஆற்றல் தேவை. மோட்டாரில் விரயமாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 33 வாட்-மணி போகும். நூற்றுக்கு ஐந்து சரிவில் மணிக்கு 15 கிலோமீட்டரில் ஏறவே 200 வாட்டுக்கு மேல் வேண்டும். ஹப் மோட்டாருக்குக் கியர் மாற்றும் வசதி இல்லாததால், செங்குத்தான ஏற்றத்தில் வேகம் குறையக் குறைய மின்சாரம் இழுவிசையாகாமல் வெப்பமாக மாறுகிறது. ஒகேனக்கல்லிலிருந்து பென்னாகரத்துக்கு மலைப்பாதையில் திரும்பி ஏறும்போது ஹப் மோட்டார்காரரும் நன்றாக மிதிக்கத்தான் வேண்டும். ஆனாலும் கியர் இல்லாத சைக்கிளில் பெடல் அச்சு மோட்டார் தன் சிறப்பையே இழந்துவிடுகிறது. அதற்கு 68 முதல் 73 மில்லிமீட்டர் அகலமுள்ள மரையிட்ட அச்சுக்கூடு (பெடல் அச்சு செல்லும் குழாய்) வேண்டும், செயினும் பற்சக்கரமும் விரைவில் தேயும், விலையும் ஹப் கிட்டைவிட அதிகம்.

டயர்மீது உருளையை அழுத்திச் சுழற்றும் வகையும் ஒன்று உண்டு. 1946இல் பிரான்சில் வந்த வெலோசொலெக்ஸ் வண்டி பெட்ரோல் எஞ்சினோடு இதே முறையில்தான் ஓடியது. இலேசானது, ரிம் அளவுத் தகராறு இல்லை, மாட்டிக் கழற்றவும் சுலபம். மழையில் வழுக்கும், டயரைத் தின்னும். நம் கிராமச் சாலைகளின் சேற்றுக்கு இது ஒத்துவராது.

பேட்டரியில் காரீய அமிலத்தை மலிவு என்று தேர்ந்தெடுத்தால் எடை குறைந்த கிட் என்று சொல்வதற்கே பொருளில்லை. 36 வோல்ட், 12 ஆம்பியர்-மணிக்கு அது 12 கிலோ அளவுக்கு வரும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி லித்தியம் பெட்டி சுமார் 2 முதல் 3 கிலோதான். அதன் 360 வாட்-மணியில், மிதித்துக்கொண்டே போனால் சமதளத்தில் 30 கிலோமீட்டருக்கு மேல் கிடைக்கும். மிதிக்காமல் கைப்பிடித் த்ராட்டிலை மட்டும் நம்பினால் 20 கிலோமீட்டரை ஒட்டி நின்றுவிடும். வீட்டில் முழுதாகச் சார்ஜ் செய்ய அரை யூனிட் மின்சாரம்கூடத் தேவைப்படாது. லித்தியத்திலும் இரும்பு பாஸ்பேட் வகை சற்றுக் கனம், ஆனால் ஆயுள் அதிகம், வெப்பத்தையும் கூடுதலாகத் தாங்கும். கோடையில் வெயிலில் நிற்கப்போகும் சைக்கிளுக்கு அந்தக் கூடுதல் எடையை நான் மனமொப்பிச் சுமப்பேன்.

பள்ளிக்கோ பேருந்து நிறுத்தத்துக்கோ தனியாகப் போய்வருபவருக்கு, கேபிள் பிரேக் கொண்ட இரும்பு ஃபோர்க் சைக்கிளில் முன்சக்கர ஹப்; சுமையேற்றுபவருக்குப் பின்சக்கர ஹப்; ஏற்கெனவே நல்ல கியர் சைக்கிள் வைத்துக்கொண்டு மலைப்பாதையில் அடிக்கடி ஏறுபவருக்கு மட்டும் பெடல் அச்சு மோட்டார் என்பது என் முடிவு. இவர்களில் யாராக இருந்தாலும், பிரேக் பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் கைப்பிடியில் இருந்தாக வேண்டும். பெடலை நிறுத்திய பிறகும் ஒரு கணம் மோட்டார் தள்ளிக்கொண்டிருக்கும் கிட்டுகள் உண்டு, மாடு குறுக்கே வரும்போது அந்த ஒரு கணம் மிக நீளமானது. கம்பி பிரேக்கில் இந்த சுவிட்சைப் பொருத்துவது கடினம் என்பதால், அந்தச் சைக்கிளை வைத்திருப்பவர் பிரேக்கை மாற்றியபிறகே கிட்டுக்கு முன்பணம் கட்டுவது நல்லது.