கூட்டாக ஆய்வுக்கட்டுரை எழுத: ஓவர்லீஃபா, கூகுள் டாக்ஸா?

ஓவர்லீஃப் என்பது லேடெக்கில், அதாவது கட்டளைகளோடு எழுதி பிடிஎஃப்பாக மாற்றும் முறையில், இணையத்தில் கூட்டாக எழுதும் தளம். இரண்டில் எதில் நெறியாளர் திருத்தித் தருவார் என்று முதலில் கேட்டுவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

திருத்தம் வாங்க கூகுள் டாக்ஸை அடிக்க ஆளில்லை. பரிந்துரை முறையில் யார் எதை மாற்றினார் என்பது நிறத்தோடு தெரியும், ஏற்கலாம், தள்ளலாம். ஓவர்லீஃபில் இதே வசதிக்குக் கட்டணம். இலவசக் கணக்கில் கோப்பின் பழைய பதிப்புகளும் கடைசி 24 மணி நேரத்துக்குத்தான் கிடைக்கும். வாரம் ஒருமுறை மொத்தக் கோப்பையும் ஜிப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிடுவதில் நிலைமை தலைகீழ். மூன்றாம் படத்துக்கு முன்னால் புதிதாக ஒரு படம் நுழைந்தால், டாக்ஸில் பின்னால் வரும் எண்களையெல்லாம் கையால்தான் மாற்ற வேண்டும். லேடெக்கில் அது தானாக நடக்கும். படத்தைச் சுட்ட நாம் வைக்கும் பெயர்ச்சீட்டில் (label) எழுத்துப் பிழை இருந்தால் எண்ணுக்குப் பதில் இரண்டு கேள்விக்குறி நிற்கும், உடனே கண்ணில் படும்.

கண்ணில் படாத பிழைதான் ஆபத்து. புதிதாகச் சேர்ந்தவர் "40% பேர் மறுத்தனர்" என்று அப்படியே அடித்தால், லேடெக் % குறியிலிருந்து அந்த வரியின் மிச்சத்தை எழுதுபவரின் சொந்தக் குறிப்பு என்று நினைத்து விட்டுவிடும். பிழைச்செய்தி வராது, பிடிஎஃப்பில் "40" மட்டும் நிற்கும். முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டால் சரி. & குறியோ பரவாயில்லை, கத்திக் காட்டிக்கொடுக்கும். பிழைப் பட்டியல் நீளமாக வந்தால் முதல் பிழையை மட்டும் சரிசெய்து மறுபடி ஓட்டுங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் வால்தான்.

தமிழில் எழுதுவோர் ஓவர்லீஃப் மெனுவில் கம்பைலரை (பிடிஎஃப்பாக மாற்றும் நிரலை) ஸீலேடெக்காக (XeLaTeX) மாற்றி, எழுத்துரு அமைப்பில் தமிழ் வரிவடிவத்தையும் குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். டாக்ஸில் இந்தத் தொல்லையே இல்லை.

மேற்கோள்களைச் சேர்த்துவைத்து இடும் ஜோட்டேரோ (Zotero) செயலி டாக்ஸிலேயே வேலை செய்யும். ஆனால் கோப்பை நேரடியாக வேர்டாக இறக்கினால் மேற்கோள்களின் இணைப்பு அறுந்துவிடும். முதலில் ஜோட்டேரோ மெனுவில் செயலி மாற்றும் தேர்வைக் கொடுத்துவிட்டு இறக்குங்கள்.

சமன்பாடுகள் நிறைய இருந்தாலோ, இதழ் லேடெக் வார்ப்புரு கொடுத்தாலோ முதல் நாளே ஓவர்லீஃப். மற்றதற்கு டாக்ஸ் போதும். வாதம் உருவாகும்வரை டாக்ஸில் எழுதி, பிறகு ஓவர்லீஃபுக்கு மாறுவதும் நல்ல வழிதான். அப்படியானால் மேற்கோள் வரும் இடத்தில் பிப்டெக் கோப்பில் (லேடெக்குக்கான நூற்பட்டியல்) அந்த நூலுக்குள்ள சாவிச்சொல்லையே தட்டி வையுங்கள், மாற்றும்போது தேடித் திரிய வேண்டாம். மாறிய பின் டாக்ஸ் கோப்பைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள்; யாராவது ஒருவர் பழையதில் திருத்திக்கொண்டே இருப்பார்.